முதலாளியின் ரிலக்டன்ட்லி

சென்ற மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் எனக்குத் தும்மல் வரும். தள்ளி உட்கார்ந்தால் வியர்க்கும். மண்டபத்தில் இருந்த பதினாறு விசிறிகளில் எதற்கும் அகப்படாத ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் கம்பெனியில் அவள் இப்போது மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதி, ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. இப்போதெல்லாம் கடிதத்தைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். அண்மையில் அது எழுதிய கடிதம் ஒன்றில் ‘ரிலக்டன்ட்லி’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கட்டிங் மாஸ்டரிலிருந்து அக்கவுண்டன்ட் வரை பழைய ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை.

“உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க சார். அந்த வார்த்தைக்கு அப்படி என்னதானுங்க அர்த்தம்?”

மனமில்லாமல், வேண்டா வெறுப்பாக, தயக்கத்தோடு என்று மூன்று அர்த்தம் சொன்னேன். அது அகராதியிலேயே இருக்கிறதே என்று முகம் சுளித்தாள். அதற்குள் போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டோமே, அந்தப் பெண் அதை எந்தக் கடிதத்தில் எங்கே போட்டு எந்த ஆர்டரைத் தொலைக்கப் போகிறாளோ என்று கவலை. கவலைப்பட எனக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., டைப்ரைட்டிங்கில் ஹையர், ஷார்ட்ஹேண்டில் லோயர். கோவையில் ஒரு நூற்பாலை ஆபீசில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆலை மூடியதும், இரண்டாயிரத்தையொட்டி, திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். பேக்ஸ் போய் ஈமெயில் வந்துகொண்டிருந்த காலம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எங்களுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருந்தார்கள். வியாபாரக் கடிதத்தில் எதை ஒப்புக்கொண்டாலும் ‘கிளாட்லி’, அதாவது மகிழ்ச்சியோடு, என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். அது மரியாதை. நானும் ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

முதலாளி பெயர் சென்னியப்பன். மூலனூர்க்காரர். அவருடைய அப்பா அங்கே முருங்கைத் தோப்பு வைத்துச் சந்தைக்குக் காய் கொண்டுபோனவர். பையனாக இருந்தபோது வண்டியில் முருங்கைக்கட்டுக்கு மேல் உட்கார்ந்து கூடவே போனவர் முதலாளி. வியாபாரத்தில் தனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சந்தையில் கற்றதுதான் என்பார். அங்கே ஒரு வழக்கம். வியாபாரி நல்ல விலை சொல்லிவிட்டால் தோட்டக்காரர் முகம் மலரக் கூடாது. காயைப் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும், ஒரு பெருமூச்சு விட வேண்டும். பிறகு, “என்னமோ போங்க, எடுத்துக்குங்க” என்று காயைத் தள்ளிவிட வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவுக்கு அவ்வளவு பெரிய பெருமூச்சு.

“நாம சிரிச்சமுன்னு வைங்க, அவன் ஊட்டுக்குப் போயி, ஐயோ ஏமாந்துட்டமேன்னு நெனைப்பான். நாம அழுவாத கொறையாக் குடுத்தா, செயிச்சுப்போட்டம்னு சந்தோசமாத் தூங்குவான். மனசில்லாமக் குடுக்கறதுதானுங்க வாங்கறவனுக்குச் செய்யற மரியாத.”

இதை அவர் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். இன்ஸ்டிட்யூட்டில் மரியாதை என்று எனக்குச் சொல்லித் தந்ததும், சந்தையில் மரியாதை என்று அவர் கற்றதும் நேரெதிர் என்பது முதல் சண்டையில்தான் தெரிந்தது.

ஒரு பையர், சட்டைகள் எல்லாம் தைத்து முடிந்த பிறகு கழுத்து லேபிளை மாற்றச் சொன்னார். முதலாளி நெடுநேரம் முனகிவிட்டு, சரி மாத்தித் தர்றோம்னு எழுதிப் போடுங்க என்றார். நான் வழக்கம்போல் மகிழ்ச்சியோடு மாற்றித் தருகிறோம் என்று எழுதினேன். பையர் அடுத்த கடிதத்தில் பொத்தானையும் மாற்றச் சொன்னார். அதற்கும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம். உடனே அட்டைப்பெட்டியின் நிறத்தை மாற்றச் சொன்னார். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் அனுப்பிய கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“சந்தோசமாவா?” என்றார். “ஏனுங் சார், அன்னைக்கு என்ற மூஞ்சியப் பாத்தீங்களா இல்லீங்களா?”

பார்த்தேன் என்றேன்.

“அந்த மூஞ்சிக்கு இங்கிலீசுல வார்த்தையே இல்லீங்களா?”

இருக்கிறது என்று சொன்னேன். அப்படித்தான் ரிலக்டன்ட்லி எங்கள் கம்பெனிக்குள் வந்தது. அவர் அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ரிலக், டன்ட், லி. முகத்தில் வராத மலர்ச்சி அவர் குரலில் வந்துவிட்டது. “ஒரு பெருமூச்சு உடற அளவுக்கு நீளமா இருக்குதுங்களே” என்றார்.

அட்டைப்பெட்டி விஷயத்துக்கு, மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம் என்று எழுதினேன். பையரிடமிருந்து உடனே பதில். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், பழைய பெட்டியே போதும், பொத்தானும் பழையதே இருக்கட்டும் என்று. முதலாளி அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கடித முறையே மாறிவிட்டது. தினமும் காலையில் அவர் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, நின்றுகொண்டுதான், கொங்குத் தமிழில் சொல்லுவார். நான் ஷார்ட்ஹேண்டில் எடுப்பேன். அவர் பெருமூச்சுகளையும் சேர்த்து எடுக்கக் கற்றுக்கொண்டேன். மூக்கு வழியாக வந்தால் ரிலக்டன்ட்லி. நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினால், மிகுந்த சிரமத்துடன். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தால், ஆழ்ந்த வருத்தத்துடன். டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, மறுபடி தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “அந்த வார்த்தை உக்காந்துருச்சுங்களா?” உட்கார்ந்துவிட்டது என்றால் அனுப்பலாம்.

ஆபீசில் ஒரு சொல் பழகிவிட்டால் அது ஆபீசோடு நிற்காது. மேனேஜர் மனமில்லாமல் லீவு கொடுக்கத் தொடங்கினார். கட்டிங் மாஸ்டர், தன் மச்சான் கல்யாணத்துக்கு ரிலக்டன்ட்லி போய்விட்டு வந்ததாகச் சொன்னார். கேன்டீனில் இரண்டாவது வடையை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. தட்டை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வார்கள். செக்கிங் பிரிவில் வேலை பார்த்த பீகார் பையன்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்கள் அதை வடைக்குத் தமிழ்ப் பெயர் என்று எண்ணி, நாலு ரிலக்டன்ட்லி வேண்டும் என்று கை காட்டிக் கேட்டதை நானே என் காதால் கேட்டேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் டீ மேலே கொட்டிவிட்டது. அந்தக் கறை போகவில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளிக்கோ அளவு தெரியாமல் போனது. ஆர்டர் வந்து சேர்ந்தது என்று சொல்லவும் மனமில்லாமல். பணம் வந்தது என்று சொல்லவும் மனமில்லாமல். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும்போதும் மூக்கு வழியாகப் பெருமூச்சு விட்டார். மனமில்லாமல் வாழ்த்துகிறோம் என்று எழுதினால் தலையில் அடிப்பார்கள் என்றேன். “வாழ்த்தறதும் ஒரு குடுக்கறதுதானுங்களே” என்றார். அந்த ஒரு விவாதத்தில் மட்டும் நான் வென்றேன்.

இப்போது அந்தக் கடினமான சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறையை நீக்கிய புதிது. திருப்பூரில் எல்லாரும் கட்டடத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பின்பக்கம் ஒரு கூடம் கட்டி, புதுத் தையல் லைன் ஒன்று போட்டோம். முப்பது மிஷின். அதற்குச் சூப்பர்வைசராக வந்தவர் அந்தோணியம்மாள். தெற்கே உடன்குடிப் பக்கம். ஏற்கெனவே எங்களிடம் டெய்லராக இருந்தவர்தான். புது லைனுக்கு ஆள் வேண்டும் என்றதும் ஊருக்குப் போய், ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பேசி, இருபத்துநாலு பெண்பிள்ளைகளை அழைத்துவந்தார். யாருக்கும் கம்பெனியைத் தெரியாது. பெற்றவர்கள் நம்பியது அந்தோணியம்மாளைத்தான். அருள்புரத்தில் நாலு அறை வாடகைக்குப் பிடித்து, வாளியிலிருந்து பாய் வரை வாங்கிப் போட்டு, வந்த மறுநாளே எல்லாரையும் மிஷின் முன்னால் உட்காரவைத்துப் பழக்கினார். லைனுக்கு வேலை வந்தால் அவர் கொடுத்த வாக்கு நிற்கும். வராவிட்டால் இருபத்துநாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த லைனுக்கு என்று நாங்கள் எதிர்பார்த்தது ஒரு ஹாலந்து பையரின் ஆர்டர். குழந்தைகளுக்கான இரவு உடை. நெஞ்சில் ஒரு முள்ளம்பன்றி சிரிக்கும். அந்தக் கம்பெனியின் சார்பில் எங்களோடு எழுதிக்கொண்டிருந்தவர் ஹில்டா என்ற அம்மையார். மூன்று சேம்பிள் அனுப்பினோம். மூன்றாவதில் முள்ளம்பன்றியின் சிரிப்பு சரியாக வந்தது. ஆர்டர் வந்துவிட்டது. ஒரு சீசன் முழுக்க ஓடுகிற ஆர்டர்.

செய்தியை நான் சொன்னதும் முதலாளி விறுவிறுவென்று வெளியே போனார். எனக்குக் கவலை. நெஞ்சுவலியோ என்று பின்னாலேயே போனேன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது வயது மனிதர் குதித்தார். இரண்டு முறை. பிறகு வேட்டியை இறக்கிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து, கடிதம் சொல்லத் தொடங்கினார்.

அவ்வளவு பெரிய சந்தோஷத்துக்கு எவ்வளவு பெரிய பெருமூச்சு வேண்டும். ஆர்டரை மனமில்லாமல் ஏற்கிறோம். தேதியை மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். துணியை மனமில்லாமல் வாங்குகிறோம். எங்கள் டெய்லர்கள் மனமில்லாமல் உடனே தொடங்குவார்கள். நாலு ரிலக்டன்ட்லி. ஒன்று போதும் என்று மன்றாடினேன். நாலாவது தொழிலாளர்களைப் பற்றியது, அதையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அதுதான் உயிர்நாடி என்றார். கடைசியில் துணியைப் பற்றியதை மட்டும் விட்டுக்கொடுத்தார். மூன்று உட்கார்ந்தன. கடிதம் போயிற்று.

ஹில்டா அம்மையாரின் பதிலில் கோபம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதுதான் பயங்கரம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, எங்கள் கம்பெனியில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு, எங்கள் உடையைத் தைப்பதற்காக எந்த ஊரிலும் எந்த மனிதரும் தம் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்யக் கூடாது, எனவே மனத்தாங்கல் ஏதுமின்றி உங்களை இந்த ஆர்டரிலிருந்து விடுவிக்கிறோம், அடுத்த வாரம் வேறொரு கம்பெனியைப் பார்க்கத் திருப்பூர் வருகிறேன், உங்களை நேரில் கண்டு ஒரு கோப்பை டீ குடித்து நன்றி சொல்ல ஆசை என்று எழுதியிருந்தார்.

படித்துக் காட்டியதும் முதலாளி பக்கத்தில் கிடந்த துணி ரோல் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆபீசில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வெலையக் கொறைக்கோணும்னு சொல்றாங்களா?”

இல்லை என்றேன். நிஜமாகவே நமக்கு விருப்பமில்லை என்று நம்பிவிட்டார்கள் என்றேன்.

“எழுதுனத அப்படியேவா நம்புவாங்க?” என்றார். அவர் குரலில் ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. மூலனூர்ச் சந்தை உண்டான நாளிலிருந்து அப்படி ஒருவன் நம்பியதில்லை.

மகிழ்ச்சியோடு ஏற்கிறோம் என்று உடனே ஒரு கடிதம் தட்டிவிடுகிறேன் என்று எழுந்தேன். அதையும் தடுத்துவிட்டார். இப்போது சந்தோஷம் என்றால் அப்போது எழுதியது பொய்யா என்று கேட்பார்கள். நேரில் வரும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அவருடைய முகத்தைப் பார்த்தா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. நான் ஹில்டா. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவேன். முதலாளி எதிரே வந்து, சிரித்து, இந்த ஆர்டர் எங்களுக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உதடு விரியும், கண் அழும். வேண்டும் என்று தொடங்கி, என்னமோ போங்க என்று முடிப்பார். ஒருநாள் லைன் சாவி வாங்க வந்த அந்தோணியம்மாள் இதை வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

“என்ன சார் இது?” என்று என்னைத்தான் கேட்டார். “சிரிக்கச் சொன்னா மொதலாளி பல்லுவலிக்காரவுக மாதிரி நிக்காவ. வேணும்னா வேணும்னு சொல்லுததுக்கு என்ன? எங்கூர்ல ரெண்டு வயசுப் பிள்ள சொல்லிப்புடும்.”

“உங்கூர்ல எல்லாரும் ஏமாந்தவங்களா இருப்பாங்க அம்மிணி” என்றார் முதலாளி.

“இப்ப யாரு ஏமாந்து நிக்கது?”

முதலாளி சாவியை எடுத்து நீட்டினார். அந்தோணியம்மாளும் அதற்கு மேல் போகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை சார், துணி வரத் தாமதம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன் என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹில்டா அம்மையார் ஒரு புதன்கிழமை வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம். உள்ளே வரும்போது வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டு, இடித்த நிலையிடம் மன்னிப்புக் கேட்டார். டீ குடித்தார். முதலாளி ஒத்திகை பார்த்த சிரிப்பைச் சிரித்தார். அம்மையார் என் பக்கம் குனிந்து, அவருக்கு உடம்பு சரியில்லையா, நான் வேறு நாள் வரட்டுமா என்று கேட்டார்.

விதிப்படி அவர் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. மனமில்லாமல் வேலை செய்வார்கள் என்று எழுதப்பட்ட தொழிலாளர்களில் ஒருவரையாவது, முதலாளி இல்லாத இடத்தில் பார்த்துப் பேச வேண்டும். புதுக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். முப்பது மிஷினும் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. அந்தோணியம்மாள் மட்டும் இருந்தார். இங்கே யாராவது கட்டாயத்தின்பேரில் வேலை செய்கிறார்களா என்று அம்மையார் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

“கட்டாயமா?” என்றார் அந்தோணியம்மாள். “வேல குடுங்கன்னு நாங்கதான் இவுகளக் கட்டாயப்படுத்திட்டிருக்கோம்னு சொல்லுங்க சார். பிள்ளையெல்லாம் ஒரு வாரமா ரூம்ல சும்மா இருந்து, ஒருத்திக்கு ஒருத்தி தல பின்னிப் பின்னி, இனிப் பின்ன முடியே இல்ல.”

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் சிரித்தார். அந்தோணியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியே வந்ததும் தயங்கி நின்றார். இந்த அம்மாள் விருப்பத்தோடு இருக்கிறார், அது தெளிவு, ஆனால் உங்கள் முதலாளி விருப்பமில்லாமல் இருக்கிறார், எங்கள் விதியில் எந்த மனிதரும் என்றுதான் இருக்கிறது, முதலாளியும் மனிதர்தானே என்றார்.

அதற்குள் முதலாளியின் மனைவி தெய்வானையம்மா பின்கட்டிலிருந்து வந்துவிட்டார். அவர்களுடைய வீடு கம்பெனியை ஒட்டியே இருந்தது. அவருக்கு ஆர்டர் போனதும் தெரியாது, விதியும் தெரியாது. “ஒறம்பரைய வெறும் டீயோட அனுப்புவாங்களா? எலை போட்டாச்சு, வரச் சொல்லுங்க” என்றார். அம்மையார் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெய்வானையம்மா அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டார்.

மூன்று இலை. நடுவில் அம்மையார், இரண்டு பக்கமும் நானும் முதலாளியும். அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம், பொரியல், பிறகு நெய் ஊற்றிய ஒப்புட்டு, அதாவது போளி. முதல் ஒப்புட்டை அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். தெய்வானையம்மா இரண்டாவதைக் கொண்டுவந்தார். அம்மையார் வேண்டாம் என்று கை காட்டினார். அது இலையில் விழுந்தது. மூன்றாவதற்குத் தலையை ஆட்டினார். விழுந்தது. நாலாவது வருவதைப் பார்த்து இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டார். தெய்வானையம்மா அவசரப்படவில்லை. பக்கத்திலேயே நின்று, அவர் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கும்வரை காத்திருந்து, போட்டார்.

நான் இவரிடம் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று அம்மையார் என்னிடம் முறையிட்டார். நாலு முறை, வீட்டுக்கு வருவதற்கு முன் சொன்னதையும் சேர்க்க வேண்டும் என்றேன். பிறகு விளக்கினேன். இந்தப் பக்கத்தில் கேட்டவுடன் சரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால், பாவம் வீட்டில் சோறு இல்லை போல என்று நினைப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் போட வேண்டும்.

அம்மையார் கையில் பிட்ட ஒப்புட்டோடு யோசித்தார். அப்படியானால் ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டாம் என்றால் அது எப்படித் தெரியும் என்று கேட்டார். தெய்வானையம்மாவைக் கேட்டேன்.

“நெசமாலுமே வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிருவாங்க” என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “எலைல உக்காந்திருக்கற வரைக்கும் வேணும்னுதானுங்க அர்த்தம்.”

மொழிபெயர்த்தேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அம்மையார் திரும்பி முதலாளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என்னிடம், அவர் இன்னும் இலையில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள் என்றார்.

முதலாளிக்குச் சொன்னேன். அவர் இலையைப் பார்த்தார். மேலே பார்த்தார். அங்கே வானம் இல்லை, ஓடுதான் இருந்தது. பெருமூச்சு கிளம்புவது தெரிந்தது. தெய்வானையம்மாவுக்கும் தெரிந்தது. என்ன ஏது என்று விவரம் தெரியாவிட்டாலும், அவர் அந்தப் பெருமூச்சோடு குடித்தனம் நடத்துகிறவர்.

“ஏனுங்க, எதுவா இருந்தாலும் வேணுமா வேண்டாமான்னு வாயத் தொறந்து சொல்லுங்க. இத்தன தூரம் வந்து கேக்கறாங்கல்ல.”

பெருமூச்சு பாதியில் நின்றது. எனக்கு வியர்த்து என் இலையில் சொட்டிவிடுமோ என்று பயம்.

“வேணுமுங்க” என்றார்.

அவருக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூட ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அம்மையாரே அந்தச் சொல்லைக் கேட்டார். கிளாட்லி? என்ன கேட்கிறார்கள் என்று முதலாளி என்னைப் பார்த்தார். சந்தோஷமாகவா என்று கேட்கிறார்கள் என்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்கட்டு மேல் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து விலை படிந்தபோதெல்லாம் அடக்கி அடக்கி வைத்த சிரிப்பு அவ்வளவும் ஒன்றாகக் கிளம்பியது. வாயில் ஒப்புட்டு. புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வழிய, இருமலா சிரிப்பா என்று பிரிக்க முடியாமல் மனிதர் குலுங்கினார். தெய்வானையம்மா உச்சந்தலையில் தட்ட, நான் தண்ணீரை நீட்டப் போய்க் கொள்ளு ரசத்தை நீட்ட, அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அதற்கும் சேர்த்துச் சிரித்தார். அம்மையாரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் தெய்வானையம்மாவும் சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் என் மூக்குக்கண்ணாடி இலையில் விழுந்துவிட்டது. நெய் போக இரண்டு நாள் துடைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அம்மையார் முகத்தை நீளமாகத் தொங்கப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முதல் முயற்சிக்கு மோசமில்லை. கூரையைப் பார்த்தார். மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட்டார். “ரிலக்டன்ட்லி” என்று சொல்லி, இன்னொரு ஒப்புட்டுக்கு இலையைக் காட்டினார்.

“இந்தம்மிணிகிட்ட இனி சாக்கரதையா இருக்கோணும்” என்றார் முதலாளி என் காதில்.

கை கழுவிய கையோடு அம்மையார் ஆர்டரை எங்களுக்கே உறுதி செய்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதினால் இலையை விட்டு எழுந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வேன், உட்கார்ந்திருக்கும்வரை எழுதக் கூடாது என்றார். நான் ஓய்வு பெறும்வரை ஹாலந்துக் கடிதங்களில் அது மறுபடி உட்காரவே இல்லை.

காரில் ஏறப் போனவரை வழியனுப்ப முதலாளி நின்றுவிட்டார். அதற்குள் முகம் பழையபடி தொங்கிவிட்டது. நான் புதுக் கூடத்துக்கு ஓடினேன். எனக்கு மூச்சிரைப்பு உண்டு, ஓடக் கூடாது. ஓடினேன்.

அந்தோணியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். இந்தத் தடவை தனியாக இல்லை. யார் சொன்னார்களோ, பிள்ளைகள் அத்தனை பேரும் அறையிலிருந்து வந்து சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருடைய தலையும் இறுக்கமாகப் பின்னியிருந்தது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கார்ப் பக்கம் நின்ற முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஒரு பெண் அழத் தொடங்கிவிட்டாள்.

“மொதலாளி மூஞ்சி எழவு வீடு மாதிரில்லா இருக்கு” என்றார் அந்தோணியம்மாள். “சார், சொல்லிப்புடுங்க. எதுன்னாலும் சொல்லிப்புடுங்க.”

எனக்கு மூச்சு வாங்கியது. எப்படிப்பட்ட செய்தியையும் முழு வாக்கியமாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஹாலந்து கம்பெனி தன் முடிவை மறுபரிசீலனை செய்து, என்று தொடங்கினேன். அந்தோணியம்மாள் என் கண்ணைப் பார்த்தார். முடிவு வரை காத்திருக்கவில்லை. திரும்பி, முதல் மிஷின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை ஒரு இழுப்பில் உருவி எறிந்தார். அடுத்ததை அந்த அழுத பெண் உருவினாள். நான் நமது கம்பெனிக்கே என்ற சொல்லுக்கு வந்தபோது பதினேழு துணி தரையில் கிடந்தது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். தைக்கத் துணியே இன்னும் வரவில்லை. ஆனாலும் பிள்ளைகள் உட்கார்ந்த மிஷின் எல்லாம் ஒரே நேரத்தில் வெறுமனே ஓடின. அந்தச் சத்தத்தில் என் வாக்கியத்தின் மீதி எனக்கே கேட்கவில்லை.